நாளை நாலரைக்கு

வியாசை ரோவர்ஸ் பச்சை.
காசிமேடு மரைனர்ஸ் கருநீலம்.
சீசனின் முதல் ஆட்டம், நாளை நாலரைக்கு.
இரண்டு மூட்டையும் இன்றைக்கு
என் தள்ளுவண்டிக்கு அடியில்தான் கிடக்கின்றன,
ஒன்றன் மேல் ஒன்று, சண்டையில்லாமல்.

பூபாலன் காலையில் இறக்கினான். பெஞ்சமின் மதியம்.
இரண்டு பேரும் கேட்டார்கள்:
"குணாக்கா, நாளைக்கு என்னா ஆவும், சொல்லேன்."
சட்டைக்கு எட்டு ரூபாய்.
அதிலேயே ஒன்றைக் குறைக்கப் பார்க்கிறவர்கள்
ஜோசியத்தை ஓசியில் கேட்கிறார்கள்.

பாலியெஸ்டர். பெட்டியைத் தணித்து வைக்கணும்.
உட்புறம் வெளியே திருப்பி
எண்ணின் மேல் பழைய வேட்டித் துண்டு போட்டுத் தேய்க்கணும்.
இல்லையென்றால் ஏழு உருகி ஒன்றாகிவிடும்.
போன வருஷம் ஆனது.
யாரோ காலை வாரினான்,
யாருக்கோ சிவப்பு அட்டை.

பச்சையில் ஐந்தாம் எண் போன சீசனில் எக்ஸ்எல்.
இப்போது டபுள் எக்ஸ்எல்.
கஜபதிக்குத் தையில் கல்யாணம்.
பக்கவாட்டில் ஒருத்தன் ஓடினால்
கஜபதி திரும்பி முடிப்பதற்குள்
பந்து வலைக்குள் உட்கார்ந்திருக்கும்.

ஒன்பதாம் எண்ணின் முதுகில்
எடிசன் என்ற பெயரை உரித்தெடுத்த தழும்பு.
எடிசனுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்துவிட்டது,
காலும் இனி ரயில்வேக்குத்தான்.
தழும்பின் மேலேயே புதிதாக ஒட்டியிருக்கிறார்கள்: ஜெரோம்.
சைஸ் எஸ்.
என் இரண்டு உள்ளங்கையை விரித்தால்
முதுகு முடிந்துபோகிறது.
இவனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.
காசிமேட்டுக்கும் தெரியாது.
நான் அவர்கள் ஆளாக இருந்தால்
இந்தச் சின்னச் சட்டைக்குத்தான் பயப்படுவேன்.

கருநீலத்தை எத்தனை தரம் அலசினாலும்
டீசலும் கவிச்சியும் போவதில்லை,
சூடு பட்டதும் எழுந்து முகத்தில் அடிக்கிறது.
அறுபத்தோரு நாள் தடைக்காலம்,
படகெல்லாம் கரையில், பையன்கள் மைதானத்தில்.
ஒருத்தன் தும்மினால்
இன்னொருத்தன் இடம் மாறி நிற்கிற அளவுக்குப்
பழகிவிட்டார்களாம்.
ஆனால் தடை முடிந்து மூன்று வாரமாகிறது.
நாலும் பதினொன்றும் இன்னும் கடலில்.
ராத்திரிக்குள் கரை சேர்ந்தால் உண்டு.
சேர்ந்தாலும், நாளைக்கு ஞாயிறு.
விடியற்காலை ஏலத்தில் நின்ற கால்
அறுபதாவது நிமிஷத்தில் என்ன சொல்லும்?

ஆகவே முதல் பாதி நீலம், ஒன்றுக்குப் பூஜ்யம்.
அப்புறம் பச்சை மெல்ல ஏறும்.
மழை வந்தால் நான் சொன்னது எதுவும் இல்லை.
மாதவரம் பக்கம் இப்போதே கறுத்துக் கிடக்கிறது.
மழை வந்தால்
திங்கட்கிழமை எனக்கு வருவது
ஒரே நிறத்தில் முப்பது சட்டை.

கடைசியாக எடுத்தது மரைனர்ஸ் கோலியின் ஆரஞ்சு.
வலது முழங்கை நைந்து நூல் நூலாக நிற்கிறது.
இடது முழங்கை கடையில் வாங்கியபடியே.
இரண்டு சீசனாக இம்தியாஸ்
ஒரே பக்கம்தான் விழுந்திருக்கிறான்.

பெட்டியைத் தூக்கி நிறுத்தினேன்.
பூபாலன் டீக்கடையில்தான் நிற்கிறான்.
இடப்பக்கம் அடிக்கச் சொல்லு என்று
ஒரு வார்த்தை போதும்.

இந்தத் தெருவில்
எந்த வேட்டியில் எந்த வாசனை,
எந்தப் பாக்கெட்டில் எந்தச் சீட்டு,
எந்தப் படுக்கை விரிப்பு எத்தனை நாளாக மடிப்புக் கலையவில்லை,
எல்லாம் என் கைக்குத் தெரியும்.
தேய்க்கிறவள் வாயைத் திறந்தால்
எத்தனை வீடு மிஞ்சும்?

"இன்னாக்கா, எவ்ளோ?" என்றான் பூபாலன், டம்ளரோடு வந்து.
ரெண்டுக்கு ஒண்ணு என்றேன்.
"யாருக்கு?"
சட்டைக்கு எட்டு ரூபாய் என்றேன்.

அவன் போன பிறகு
வலது முழங்கைக்கு உள்ளே ஒரு ஒட்டு வைத்துத் தைத்தேன்.
அது மட்டும் தனியாகத் தெரிந்தது.
இடது கைக்கும் ஒன்று வைத்தேன், தேவையே இல்லாமல்.
இருபது ரூபாய்.
பெஞ்சமின் தர மாட்டான்.
கேட்டுப் பார்க்கணும்.